கணனி யாருக்குப் பாடம் சொல்லும்?

“எங்களுக்கு இங்கிலீசு தெரியாது சாமி, கணனி எங்களுக்கு எதுக்கு?” வெல்லாவெளிப் பக்கத்துப் பெரியவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி இது. 2007 மார்ச்சில் படுவான்கரையை விட்டு வாவியைக் கடந்தபோது, விதைநெல்லோடு பிள்ளைகளின் படிப்பையும் இழந்த குடும்பங்கள் இவை. கேள்வி நியாயமானது. விடையைக் கொத்மலையில் பார்ப்போம்.

மகாவலித் திட்டத்துக்காக 1980களில் அங்கே நீர்த்தேக்கம் கட்டியபோது, பல குடும்பங்கள் வயலையும் வீட்டையும் விட்டுப் பெயர்ந்தன. அப்பகுதியில் தொடங்கிய சமூக வானொலிக்கு, 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியுடன் இணைய வசதி கிடைத்தது. நேயர்கள் தமக்குத் தெரிய வேண்டியதைக் கேட்டு அனுப்புவார்கள். அறிவிப்பாளர் ஆங்கிலப் பக்கங்களில் அதைத் தேடி, உள்ளூர் மொழியில் விளக்குவார். கணனியைத் தொடாதவரும் அதனால் படித்தார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணனிகள் வைக்கப்பட்டன.

விவசாயத் திணைக்களமும் 2004 முதல் சில கமநல சேவை நிலையங்களில் கணனி வைத்து, படமும் குரலுமாகப் பயிர்ப்பாடங்களைக் கொடுத்தது. இதில் நாம் காணும் பெரிய நன்மை, பாடத்தை நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம் என்பதே. பத்துத்தரம் கேட்டாலும் கணனி சலித்துக்கொள்ளாது! அறக்கொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அது நெற்பயிரின் அடித்தண்டில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாறு உறிஞ்சும். நாமோ இலை மஞ்சளிப்பதைக் கண்டு மேலாக மருந்தடிக்கிறோம். பூச்சி தப்பிவிடும், அதைத் தின்னும் சிலந்தி செத்துவிடும். யூரியா அளவுக்கு மிஞ்சினால் அறக்கொட்டி இன்னும் பெருகும். தண்டை விலக்கிக் காட்டும் ஒரு படம், ஒரு மணிநேரப் பேச்சைவிட இதைத் தெளிவாக்கும்.

ஆனால் கணனி வந்துவிட்டால் மட்டும் போதாது. துணி போர்த்திப் பூட்டிய அறையில் அது இருந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். பெரிய ஆட்கள் வந்தால்தான் அறையின் திறப்பும் வரும்! மேலும், உங்கள் வயலைக் கணனி அறியாது. அதை அறிந்தவர் நீங்கள். சரியான கேள்வி உங்களிடமிருந்தே போகவேண்டும்.

இன்று பிள்ளைகளின் கையிலுள்ள தொலைபேசியே ஒரு சிறு கணனி. சாதாரணத் தொலைபேசி இருந்தாலும் 1920 என்ற இலக்கத்தில் விவசாயத் திணைக்களத்திடம் ஆலோசனை கேட்கலாம்.

குழுவாகச் செய்ய: அழைக்குமுன் ஐந்து விடயங்களைக் கொப்பியில் எழுதுங்கள். நெல்லின் இனம் எது? விதைத்து எத்தனை நாள்? யூரியா எப்போது, எவ்வளவு போட்டீர்கள்? வயலில் தண்ணீர் நிற்கிறதா? மஞ்சளிப்பு எந்த இடத்தில் தொடங்கியது? எழுதத் தெரியாதவர் சொல்ல, பிள்ளை எழுதட்டும். கிடைத்த பதிலை அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.