இறைப்பு இயந்திரம் இயங்க மறுத்தால்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. கிணறே கமக்காரரின் ஆறு. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலம் மாறி, மண்ணெண்ணெயில் ஓடும் சிறு இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்தன. மின்சார மோட்டர்கள் பரவியுள்ள இக்காலத்திலும் அப்பழைய இயந்திரங்கள் சில இன்னும் உழைத்து வருகின்றன. வெங்காயத்தின் வேர் ஆழமாக ஓடுவதில்லை. கோடையில் இறைப்பு முறை தவறினால் பயிர் விரைவில் வாடும். எனவே இயந்திரம் இயங்காத ஒவ்வொரு காலையும் கமக்காரருக்கு நட்டமே.

ஒருநாள் உரும்பிராயில் ஒரு தோட்டத்துக்குச் சென்றபோது, முதியவர் ஒருவர் கயிற்றை இழுத்திழுத்துக் களைத்துக் கிணற்றுக்கட்டில் அமர்ந்திருந்தார். "நேற்று மாலை நன்றாகத்தானே ஓடியது, தம்பி!" என்றார். "நேற்று எவ்வாறு நிறுத்தினீர்கள், ஐயா?" என வினவினேன். அவசர அலுவல் வந்ததால் மண்ணெண்ணெயில் ஓடும்போதே நிறுத்திவிட்டதாகக் கூறினார். பழுது அங்கேதான் இருந்தது. காலையில் அவர் காபரேற்றரின் திருகாணியையும் திருப்பிவிட்டமையால், ஒரு குறை இரண்டாகிவிட்டது.

காரணம்

பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே தீப்பற்றத்தக்க அளவு ஆவியை விடும். ஆதலால் இவ்வியந்திரங்களைப் பெற்றோலில் இயக்கி, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகின்றோம். மண்ணெண்ணெயில் ஓடும்போது நிறுத்தினால் காபரேற்றரின் கிண்ணத்தில் மண்ணெண்ணெயே எஞ்சி நிற்கும். மறுநாட் காலை பெற்றோல் குழாயைத் திறந்தாலும், நிரம்பிய கிண்ணத்துள் பெற்றோல் புகாது. கிண்ணத்தின் அடித்திருகாணியைத் தளர்த்தி மண்ணெண்ணெயை வடித்துவிட்டுப் பெற்றோலை நிரப்புதலே பரிகாரம். அன்று அம்முதியவரின் கிண்ணத்தை வடித்து, திருகாணியையும் பழைய நிலைக்குக் கொணர்ந்த பின், மூன்றாம் இழுப்பில் இயந்திரம் இயங்கியது.

பரீட்சிக்கும் ஒழுங்கு

எரிபொருள், தீப்பொறி, அமுக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் இயந்திரம் இயங்கும். இவற்றை ஒழுங்காகப் பரீட்சிக்குக. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக.

1. எரிபொருள்: தாங்கி மூடியிலுள்ள சிறு காற்றுத்துளை அடைபட்டிருந்தால் எண்ணெய் இறங்காது, அதனைத் துப்புரவாக்குக. வடிகட்டியில் நீரோ தூசியோ உண்டோ எனப் பார்க்க. பல மாதங்கள் கிடந்த பெற்றோலை நீக்கிப் புதியதை ஊற்றுக.

2. தீப்பொறி: பிளக்கைக் கழற்றுக. அது நனைந்திருந்தால் எரிபொருள் மிகுந்துவிட்டது என்பது பொருள். எரிபொருட் குழாயை மூடி, சோக்கைத் திறந்து, தீப்பொறிக் கம்பியைத் தூர ஒதுக்கிவைத்துக் கயிற்றைச் சில முறை இழுக்க. உள்ளிருக்கும் மிகை வெளியேறும். பிளக்கைத் துடைத்துக் கரியை அகற்றுக. அதன் இடைவெளி பெரும்பாலான சிறு இயந்திரங்களில் 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர் வரை இருத்தல் வேண்டும். சிந்திய எண்ணெயைத் துடைத்து ஆவி அகன்ற பின், பிளக்கைக் கம்பியுடன் இணைத்து, துளைக்கு எட்டத்தில் இயந்திரத்தின் வெற்று இரும்பிற் பொருத்தி இழுக்க. நீலப் பொறி தோன்றினால் குறையில்லை. பொறி தோன்றாவிடின் வேறொரு நல்ல பிளக்கைக் கொண்டு பரீட்சிக்குக. அதன் பின்னும் தோன்றாவிடின் மாக்னெற்றோவின் தொடுமுனைகளைத் துப்புரவாக்குதல் வேண்டும்.

3. அமுக்கம்: பிளக்கை மீண்டும் பூட்டி மெதுவாக இழுக்கும்போது ஓரிடத்திற் கை கனக்க வேண்டும். கனமின்றி வழுகினால் வால்வு ஒட்டியிருத்தல், வளையம் தேய்ந்திருத்தல் முதலியன காரணமாகலாம். இது கைதேர்ந்த திருத்துநரின் வேலை, தாமே பிரிக்கற்க.

எஞ்சின் ஒயிலையும் பார்க்க. அதன் மட்டம் உயர்ந்து மண்ணெண்ணெய் மணம் வீசினால், எரியாத எண்ணெய் அதனுட் கலந்துவிட்டது. அவ்வொயிலை உடனே மாற்றாவிடின் உறுப்புகள் விரைவில் தேயும்.

நிறுத்தும் முறை

இறைப்பு முடியும் தறுவாயில் பெற்றோலுக்கு மாற்றி இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துக. பின்னர் குழாய்களை மூடுக. சூடான இயந்திரத்திற் பெற்றோல் ஊற்றற்க. இச்சிறு பெற்றோற் செலவு மறுநாட் காலைப்பொழுதைக் காக்கும்.

உயிருக்கு ஆபத்து

பம்பி ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்கு மேல் நீரை உறிஞ்சாது. ஆதலாற் கோடையில் நீர் தாழும்போது இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்குவோர் உளர். இது பெருந் தவறு. புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. காற்றோட்டமற்ற கிணற்றில் அது சில நிமிடங்களில் ஆளை மயக்கிக் கொல்லும். மயங்கியவரைக் காக்க இறங்குபவரும் அவ்வாறே மாள்வர். மயங்கியவரைக் கண்டால் தாம் இறங்காது உதவிக்கு ஆட்களை அழைக்க. நீர் தாழ்ந்தால் ஊறும் வரை பொறுத்து, சிறிது சிறிதாக இறைக்க. ஒரு நாள் வாடிய பயிர் மீளும். போன உயிர் மீளாது.

கமக்கார அன்பர்களே, இயந்திரம் இயங்க மறுத்தால் சாவியை எடுக்குமுன், நேற்று அதனை எவ்வாறு நிறுத்தினோம் என ஒருகணம் எண்ணிப் பாருங்கள். பல வேளைகளில் விடை அதிலேயே கிடைக்கும்.