குட்டையான கார்டுக்கு இனி வேலை உண்டா?

கேள்வி: என்.பி.ஏ. கூடைப்பந்து இப்போது தூரத்திலிருந்து எறியும் ஆட்டமாகிவிட்டது. அதற்கு உயரம் தேவையில்லையே! அப்படியானால் குட்டையான கார்டுகள் பெருகியிருக்க வேண்டுமே, ஏன் குறைந்துகொண்டே வருகிறார்கள்?
– பள்ளி அணியில் ஆடும் ஒரு வாசகர்

பதில்: படித்ததும் புன்னகைக்க வைத்த கேள்வி. கூடையிலிருந்து தள்ளி நின்று பந்தைக் கையாளுபவரே கார்டு என்பதால், கணக்குப்படி நீங்கள் சொல்வதுதான் நடந்திருக்க வேண்டும்.

நெடிய ஆட்களுக்கு நடுவே குட்டையானவரால் புள்ளி எடுக்க முடியாது என்று பலர் காரணம் சொல்வார்கள். அது சரியல்ல. 5 அடி 9 அங்குல ஐசையா தாமஸ் 2016-17 பருவத்தில் பாஸ்டன் அணிக்காக ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளி எடுத்தார். லீகில் மூன்றாவது இடம். விதியும் இவர்களுக்குச் சாதகமாகத்தான் மாறியது. பந்து தட்டி வருபவர்மேல் கைவைத்து அவர் போக்கைத் திருப்பும் ‘ஹேண்ட் செக்கிங்’ 2004-05 முதல் கறாராகத் தண்டிக்கப்படுகிறது. ஆக, பந்து தன் கையில் இருக்கும்வரை குட்டையானவருக்குக் கவலையில்லை. அது எதிரணிக்குப் போனதும்தான் சிக்கல்.

இங்கேதான் அந்த மூன்று புள்ளி எறிதல் வேறு வழியாக வந்து தாக்குகிறது. ‘ஸ்கிரீன்’ என்பது, சக ஆட்டக்காரர் குறுக்கே நின்று, பந்து வைத்திருப்பவரைத் துரத்துபவரை மறிப்பது. முன்பு அப்படி மறித்தால், தடுக்கும் அணியின் நெடியவர் பின்வாங்கிக் கூடையைக் காப்பார். 2011-12இல் ஓர் அணி ஆட்டத்துக்கு ஏறக்குறைய 18 முறை மூன்று புள்ளிக்கு முயன்றது. 2024-25இல் 37 முறைக்கும் மேல். இன்று பின்வாங்கி நின்றால் அந்த இடைவெளியிலேயே எறிந்துவிடுவார்கள். அதனால் தடுப்பவர்கள் ஆளை மாற்றிக்கொள்கிறார்கள். இதுவே ‘ஸ்விட்ச்’. ஐவரும் எவரையும் தடுக்கத் தெரிந்திருந்தால்தான் இது பலிக்கும். ஒருவர் குட்டை என்றால், எதிரணி அவரையே தேடி வந்து இழுத்துவிடும்.

2016 இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டத்தைப் பாருங்கள். 89-89 சமநிலை, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். கிளீவ்லாந்தின் கைரி இர்விங்கைத் தடுத்து நின்றவர் நெடிய கிளே தாம்சன். ஜே.ஆர். ஸ்மித் வந்து ஸ்கிரீன் போட்டார். ஸ்மித்தைக் காத்து வந்த ஸ்டீபன் கரி இர்விங்குக்கு எதிரே மாட்டிக்கொண்டார். இர்விங் அவர் தலைக்கு மேலாகவே எறிந்தார். மூன்று புள்ளி, கோப்பை. அந்தப் பருவத்தின் சிறந்த வீரருக்கே இந்தக் கதி. அவரைவிடக் குட்டையானவர்களை அணிகள் எப்படிப் பார்க்கும்?

இப்படித் தேடி வந்து இழுப்பது முன்பு அரிது. 5 அடி 3 அங்குல மக்சி போக்ஸ் 1987 முதல் 14 பருவம் ஆடிய காலத்தில், பெரும்பாலும் எதிரணியின் பாயிண்ட் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுவந்து பங்கிடும் கார்டை, கவனித்தாலே போதுமாக இருந்தது.

பாயிண்ட் கார்டுக்கே உரியதாக இருந்த அந்தப் பங்கிடும் வேலையும் இப்போது கைமாறிவிட்டது. 6 அடி 11 அங்குல சென்டர் நிக்கோலா யோகிச், 2024-25இல் ஆட்டத்துக்குச் சராசரி 10 ‘அசிஸ்ட்’டுக்கு மேல் கொடுத்தார். அசிஸ்ட் என்றால், வாங்கியவர் நேரே கூடையில் போட உதவும் பாஸ்.

இருந்தாலும் கதவு அடைபடவில்லை என்பது என் உறுதியான எண்ணம். 6 அடி 2 அங்குல ஜேலன் பிரன்சன் நியூயார்க் அணிக்கே தலைவர். அவருடைய தடுப்புக் குறையை ஈடுகட்ட, சுற்றிலும் நீண்ட கைகளை நிறுத்துகிறார்கள். ஆனால் இந்தச் செலவை எந்த அணியும் நட்சத்திரத்துக்குத்தான் செய்யும். மற்றவர்களுக்கு மாற்று ஆட்டக்காரர் வேலை இருக்கிறது. 6 அடி 1 அங்குல பேட்டன் பிரிச்சர்ட் 2025இல் சிறந்த மாற்று ஆட்டக்காரர் விருது பெற்றார். 6 அடி ஹோசே அல்வராடோ ஆடுகள மூலையில் பதுங்கி நிற்பார். எதிரணி கார்டு அவரை மறந்து பந்தைத் தட்டத் தொடங்கியதும் பின்னாலிருந்து வந்து பறித்துவிடுவார்.

நீங்களும் எறிதலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஸ்கிரீன் வரும்போது ஆளை மாற்றாமல் இடுக்கில் நுழைந்து உங்கள் ஆளையே தொடரப் பழகுங்கள். அது கைவந்தால், உங்களுக்காகப் பயிற்சியாளர் யாரையும் ஸ்விட்ச் செய்யச் சொல்ல வேண்டியிருக்காது.