கசிவின் தடம்

நுழையும்முன்

பழுதை நீக்குவது தொழில். பழுதின் காரணத்தைக் காண்பது அறிவியல். இவ்விரண்டும் ஒருவர் கையிலேயே கூடும் இடம் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை. இரவில் நன்றாக நிறுத்திய வண்டி காலையில் கிளம்ப மறுப்பது ஏன்? அதற்கான விடையைத் தேடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வண்டிகளின் நிலம்

செங்கல்பட்டு மாவட்டம் 2019ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. ஆனால், இந்நிலப்பகுதிக்கும் மோட்டார் வண்டிகளுக்கும் உள்ள உறவு அதனினும் பழைமையானது. வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையிலிருந்து ‘ஹெரால்டு’ கார்கள் வெளிவந்தன. பின்னாளில் மறைமலைநகர் கார் தொழிலால் பெயர்பெற்றது. புதிய வண்டிகள் பிறந்த இம்மண்ணில் பழைய வண்டிகளும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கின்றன. மாமல்லபுரத்துக்குச் சுற்றுலாப் பயணியரை ஏற்றிவரும் வாடகைக் கார், கடலோரக் குப்பங்களிலிருந்து மீன்கூடைகளைச் சந்தைக்குச் சுமக்கும் சிறு சரக்கு வண்டி ஆகியவற்றை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. விடியற்காலையில் வண்டி கிளம்பாவிடின் மீன் கெடும். அன்றைய வருவாய் போகும். நள்ளிரவில் நோயாளியை ஏற்ற வேண்டியிருப்பின் இழப்பு அதனினும் பெரிது.

உறங்கும் வண்டி உண்ணும் மின்சாரம்

ஈய அமில மின்கலத்தை 1859இல் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். தொடக்கக் காலக் கார்களைக் கைப்பிடியால் சுழற்றியே கிளப்பினர். 1912இல் காடிலாக் காரில் மின்தொடக்கி பொருத்தப்பட்ட பின்னரே மின்கலம் வண்டியின் உயிர்நாடியாயிற்று. தமிழகத்தில் காரைக்குடியில் 1953இல் தொடங்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மின்கல ஆய்வுக்குப் பெயர்பெற்றது. அதற்கு நிலமும் நிதியும் வழங்கியவர் வள்ளல் அழகப்பர்.

சாவியை எடுத்த பிறகும் வண்டி முழுமையாக உறங்குவதில்லை. கடிகாரம், வானொலியின் நினைவகம் போன்றவை சிறிதளவு மின்னோட்டத்தைப் பெற்றுக்கொண்டே இருக்கும். 20 மில்லி ஆம்பியர் என்பது கவலைக்குரிய அளவன்று. 48 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலம் அதற்கு 100 நாள் ஈடுகொடுக்கும். பொதுவாக 50 மில்லி ஆம்பியர் வரை ஏற்கத்தக்கது. ஆனால், அணையாத ஒரு 5 வாட் விளக்கு 0.42 ஆம்பியர் மின்னோட்டத்தை உண்ணும். அஃதாவது, நாளொன்றுக்கு 10 ஆம்பியர்-மணி. மூன்று நாளில் மின்கலத்தின் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும்.

உப்புக் காற்றின் பங்கு

மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலின் கருங்கல் சிற்பங்களையே உப்புக் காற்று அரித்திருக்கிறது. கல்லையே கரைக்கும் காற்று செம்புக் கம்பியையும் இரும்புத் தகட்டையும் விட்டுவைக்குமா? உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். எனவே, மின்கலத்தின் மேற்பரப்பில் படியும் அழுக்கும் உப்பும் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே ஒரு கள்ளப் பாதையை அமைத்துவிடுகின்றன. அழுத்து பொத்தான்கள் துருவேறி அழுந்தாமல் நின்றுவிடுவதும் கடலோர வண்டிகளில் இயல்பு.

படிப்படியான தேடல்

வண்டி கிளம்பவில்லை என்றதும் புது மின்கலம் வாங்குவோர் பலர். கசிவு வெளியில் இருந்தால் புது மின்கலமும் சில நாளில் தீர்ந்துபோகும். ஆகவே, ஐயங்களை ஒவ்வொன்றாக விலக்கிச் செல்வதே அறிவுடைமை.

முதலில் மின்கலத்தை ஐயுற வேண்டும். அதை முழுமையாக மின்னேற்றி, இணைப்பைக் கழற்றி, ஓரிரவு தனியே வைத்தால் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். தனியே இருந்தும் மின்னழுத்தம் பெரிதும் சரிந்தால் குற்றம் மின்கலத்தினுள் உள்ளது. நிலைத்திருந்தால் குற்றம் வெளியே உள்ளது.

இரண்டாவதாக, மின்னேற்றம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்திரம் ஓடும்போது முனைகளிடையே 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருத்தல் வேண்டும். குறைந்தால், வரவில்லாத வீட்டில் செலவைக் குறை கூறுவது பயனற்றது.

மூன்றாவதாக, மல்டிமீட்டரின் ஒரு முனையை எதிர்முனையிலும் மற்றொன்றை மின்கலத்தின் மேற்பரப்பிலும் வைத்துப் பார்க்க வேண்டும். மின்னழுத்தம் காட்டினால் மேற்பரப்பில் கசிவு உண்டு. சமையல் சோடா கரைத்த நீரால், அது மின்கலத்தினுள் புகாதவாறு துடைத்து உலர்த்தினால் அது நீங்கும்.

நான்காவதாக, சாவியை எடுத்து, கதவுகளை மூடி, எதிர்முனைக் கம்பியைக் கழற்ற வேண்டும். கழற்றிய கம்பிக்கும் மின்கல முனைக்கும் இடையே, 10 ஆம்பியர் அளவில் வைத்த மல்டிமீட்டரைத் தொடராக இணைக்க வேண்டும். இந்நிலையில் வண்டியைக் கிளப்ப முயலக்கூடாது. தொடக்கியின் பெரும் மின்னோட்டம் கருவியைக் கெடுத்துவிடும்.

ஐந்தாவதாக, ஃபியூஸ் எனப்படும் உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எந்த உருகியை எடுத்ததும் மின்னோட்டம் சட்டென்று குறைகிறதோ, அந்தச் சுற்றிலேயே கள்வன் ஒளிந்திருக்கிறான்.

மாமல்லபுரத்து வாடகைக் கார் ஒன்று இவ்வாறு சோதிக்கப்படுவதாகக் கொள்வோம். மீட்டர் 0.44 ஆம்பியர் காட்டுகிறது. ஓர் உருகியை எடுத்ததும் 0.02 ஆகிறது. வேறுபாடு 0.42. அதை 12 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 5 வாட். அஃதாவது ஒரு சிறு விளக்கு! அச்சுற்றில் உள்ளவை ஊதுகுழலும் உள்விளக்குகளும் ஆகும். கண்ணுக்குத் தெரியும் விளக்குகள் அணைந்துள்ளன. எஞ்சியிருப்பது டிக்கியின் விளக்கு. மூடிய டிக்கிக்குள் அது எரிவதை யார் காண்பார்? காணொளி பதிவுசெய்யும் கைப்பேசியை உள்ளே வைத்து மூடினால் அது காட்டிக்கொடுக்கும். துருவேறிய ஒரு சிறு பொத்தானே காரணம் என்பது தெளிவாகிறது. அதைத் தூய்மைசெய்ய ஆகும் செலவு மிகச் சிறிது.

எந்த உருகியை எடுத்தும் மின்னோட்டம் குறையவில்லையாயின், உருகி வழியே செல்லாத பாதைகளை நோக்க வேண்டும். டைனமோ பூட்டிய பழைய வண்டிகளில் ‘கட்-அவுட்’ என்னும் மின்காந்தச் சாவி உண்டு. எந்திரம் நின்றதும் அது விலகி, மின்கலத்தின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாமல் தடுக்கும். அதன் தொடுமுனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டால் கசிவு பெருகும். ஆல்டர்னேட்டரில் அவ்வேலையை டையோடுகள் செய்கின்றன. டையோடு பழுதாயினும் இதே நோய்தான். பிற்காலத்தில் முறையின்றிப் பொருத்திய ஒலிபெருக்கியும் கூடுதல் விளக்கும் ஐயத்துக்குரியவையே.

காப்பும் கவனமும்

மின்னேற்றும்போது மின்கலத்திலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வளி வெளிவரும். அருகில் தீப்பொறி கூடாது. உள்ளிருக்கும் கந்தக அமிலம் கண்ணையும் தோலையும் எரிக்கும். எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்துள்ள வண்டிகளில் முதலில் எதிர்முனையைக் கழற்றி, இறுதியில் அதையே பூட்ட வேண்டும். நல்ல மின்கலத்தைக் காரணமின்றித் தூக்கியெறிவது பணத்தை மட்டும் வீணாக்குவதன்று. அதிலுள்ள ஈயம் முறையாகக் கையாளப்படாவிடில் மண்ணும் நீரும் நஞ்சாகும்.

வள்ளுவர் காட்டும் நெறி

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. நோய் இன்னது என்றும், அதன் காரணம் இன்னது என்றும், தணிக்கும் வழி இன்னது என்றும் ஆராய்ந்து, அதன் பின்னரே செயற்பட வேண்டும் என்று வள்ளுவர் அதில் மருத்துவர்க்கு நெறி வகுக்கிறார். எண்ணெய்க் கறை படிந்த கையுடன் உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரை நோக்கும் தொழிலாளியும் அந்நெறியையே பின்பற்றுகிறார். கருதுகோள் கொள்ளல், சோதித்தல், விலக்கல், முடிவுக்கு வருதல் ஆகியவை ஆய்வகத்துக்கு மட்டும் உரியன அல்ல. சாலையோரப் பட்டறையிலும் அவை நாள்தோறும் நிகழ்கின்றன. அவற்றை அறிந்து மதிப்பதும் கல்வியே.

கலைச்சொற்கள்

மின்கலம் – பேட்டரி
உருகி – ஃபியூஸ்
மின்தொடக்கி – ஸ்டார்ட்டர்
மின்னியற்றி – டைனமோ
ஊதுகுழல் – ஹாரன்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப் பட்டறைத் தொழிலாளி ஒருவரை நேர்கண்டு, அவர் பழுதறியும் முறையைப் படிநிலைகளாக எழுதுக.
2. பட்டறையில் வழங்கும் பிறமொழிச் சொற்களைத் தொகுத்து, இணையான தமிழ்ச்சொற்களைக் குறிப்பிடுக.

குறுவினா
கட்-அவுட்டின் பணி யாது?

சிறுவினா
உப்புக் காற்று மின்கசிவுக்குக் காரணமாவது எவ்வாறு?

நெடுவினா
‘காரணம் காணாத பழுதுநீக்கம் வீண்செலவு’ – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.