பெண்ணுடல் அறிவோம்: மாதவிலக்கும் சுரப்பிகளும்



நாம் வாய்விட்டுப் பேசக் கூசும் பொருள் ஒன்றை இம்முறை பாடமாக எடுத்துக்கொண்டுள்ளேன். அக்கூச்சத்தால் விளையும் தீங்கை நான் நேரிற் கண்டிருக்கிறேன்.

1983ஆம் ஆண்டு கரிசல் ஊர் ஒன்றில் எட்டாம் வகுப்பு ஆசிரியையாகப் பணியாற்றினேன். மாணவி ஒருத்தி மாதந்தோறும் பத்துப் பன்னிரண்டு நாள் பள்ளிக்கு வாராள்; வந்த நாளிலும் சோர்ந்து அமர்ந்திருப்பாள். தனியே அழைத்துக் கேட்டேன். உதிரப்போக்கு நிற்பதேயில்லை என்று தலைகுனிந்து சொன்னாள். "புதிதில் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும்" என்று தேற்றி அனுப்பினேன். இரு திங்கள் கழித்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவள் மயங்கி விழுந்தாள். திருநெல்வேலிக்குக் கொண்டுசென்று இரத்தம் ஏற்றிய பின்னரே தேறினாள். தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரந்ததே காரணம் என்றார் மருத்துவர். ஆசிரியப் பயிற்சியில் தவளையின் உள்ளுறுப்புகளை வரைந்து பாகம் குறித்தவள் நான். பெண்ணுடலைப் பற்றி ஒரு பக்கமும் கற்றிருக்கவில்லை. அன்று அறியாததை இன்று உங்களோடு பகிர்கிறேன்.

மாதவிலக்கு என்பது யாது?

மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. அதனால் சினைப்பையில் முட்டை ஒன்று முதிர்கிறது. அப்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்கிறது. முட்டை வெளிப்பட்ட பின் புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு ஹார்மோன் அச்சவ்வைக் கருவுக்கு ஏற்றதாக்குகிறது. கரு உண்டாகாவிடில் இரண்டும் குறைகின்றன. சவ்வு உதிர்ந்து குருதியோடு வெளியேறுகிறது. ஆகவே மாதவிலக்கில் வெளிவருவது கெட்ட இரத்தமும் அன்று, நஞ்சும் அன்று.

எது இயல்பு?

ஒரு விலக்கின் முதல் நாளிலிருந்து அடுத்த விலக்கின் முதல் நாள் வரை எண்ண வேண்டும். வளர்ந்த பெண்களுக்கு 21 முதல் 35 நாள் வரை இருப்பது இயல்பு. பூப்பெய்திய முதல் சில ஆண்டுகளில் 45 நாள் வரையும் செல்லலாம். போக்கு 2 முதல் 7 நாள் வரை நீடிக்கும்.

கீழ்க்காண்பவற்றுள் ஒன்று இருப்பினும் மருத்துவரிடம் செல்க:

1. ஏழு நாளுக்கு மேல் நீடிக்கும் போக்கு, அல்லது மணிக்கு ஒருமுறை அணையாடை மாற்ற வேண்டிய அளவுக்குப் போக்கு.
2. மூன்று மாதம் விலக்கு வாராமை.
3. பள்ளிக்கும் வேலைக்கும் செல்லவொட்டாத வலி.
4. 15 வயது நிறைந்தும் பூப்பெய்தாமை.
5. விலக்கு முற்றும் நின்று ஓராண்டு கழித்து மீண்டும் உதிரம் காணுதல். ஒரு துளியாயினும் இதனைப் புறக்கணிக்கலாகாது.

சுரப்பிக் கோளாறுகள் இரண்டு

முதலாவது தைராய்டு குறைபாடு. கழுத்தின் முன்புறம் உள்ள இச்சுரப்பி மந்தமாகும்போது சோர்வு, உடற்பருமன், குளிர் தாங்காமை, முடி உதிர்தல், மலச்சிக்கல் ஆகியன தோன்றும். விலக்கு முறை தவறும், அல்லது போக்கு மிகும். எளிய இரத்தப் பரிசோதனையால் இதனை அறியலாம். மருத்துவர் கூறிய அளவில் மாத்திரையை விடியலில் வெறும் வயிற்றில் நாள்தோறும் உட்கொண்டால் பெரும்பாலோர் நலமாக வாழலாம். உடல் தேறியது கண்டு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவதே நம்மவர் செய்யும் பிழை.

இரண்டாவது, சினைப்பை நீர்க்கட்டி என வழங்கும் கோளாறு. 1935இல் ஸ்டெயின், லெவன்தால் என்னும் சிகாகோ மருத்துவர் இருவர் இதனை விளக்கி எழுதினர். பெயர் கேட்டு அஞ்ச வேண்டா. அவை உண்மையில் கட்டிகள் அல்ல. முதிராது நின்றுவிட்ட முட்டைப் பைகளே. விலக்கு தள்ளிப்போதல், முகத்தில் முடி, நீங்காத பரு, கழுத்தின் பின்புறம் கருமை படர்தல் ஆகியன இதன் அறிகுறிகள். இன்சுலின் உடலில் சரிவர வேலை செய்யாமை பலரிடம் இதனோடு சேர்ந்திருப்பதால், பிற்காலத்தில் நீரிழிவு வரக்கூடும். பருமனாக உள்ளோர் எடையில் இருபதில் ஒரு பங்கு குறைத்தாலே பலருக்கு விலக்கு சீர்ப்படுகிறது. நாள்தோறும் அரைமணி நடையும், இனிப்பும் எண்ணெய்ப் பலகாரமும் குறைத்த உணவும் முதல் மருந்து. முகத்து முடியைச் சுட்டி நம் பெண்ணை நாமே கேலி செய்தல் ஆகாது.

இரத்தசோகை

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். புலால் உண்ணாத நம் இல்லங்களில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, எள், பயறு வகைகளை நாளும் சேர்க்க. உணவோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் ஏறும். உணவோடு பருகும் தேநீரும் காப்பியும் அதனைத் தடுக்கும். போக்கு மிகுந்த பெண்கள் நீண்ட விரதம் ஏற்குமுன் மருத்துவரைக் கேட்டல் நன்று.

ஒதுக்கி வைத்தல்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டைப் பகுதியில் பூப்பெய்திய சிறுமி ஒருத்தி வீட்டிற்கு வெளியே தனிக் குடிசையில் தங்கவைக்கப்பட்டிருந்தாள். மரம் சாய்ந்து குடிசைமேல் விழுந்தது; அவள் உயிரிழந்தாள். 2025 ஏப்ரலில், கோவை மாவட்டப் பள்ளி ஒன்றில் விலக்கான மாணவி வகுப்பறைக்கு வெளியே அமர்ந்து தேர்வெழுத நேர்ந்தது.

வழிபாட்டு நெறிகளை அவரவர் இல்லத்துப் பெரியோர் வழி நிற்க. ஆனால் கூரையும் உணவும் படிப்பும் எந்நாளும் எவருக்கும் மறுக்கத்தக்கன அல்ல. ஓய்வுக்காக ஒருத்தி ஒதுங்கியிருப்பது வேறு. அவளை நாம் ஒதுக்குவது வேறு.

நம்மால் இயன்றது

கோவையைச் சேர்ந்த அருணாச்சலம் முருகானந்தம், தம் மனைவி பழந்துணி பயன்படுத்துவதைக் கண்டு, மலிவான அணையாடை செய்யும் இயந்திரத்தைப் பல்லாண்டு முயன்று உருவாக்கினார். ஊரார் நகைத்தபோதும் கைவிடவில்லை. 2016இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2012இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய புதுயுகம் திட்டம், ஊர்ப்புறத்து 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுக்கு ஆண்டுக்கு 18 பொட்டலம் அணையாடையை விலையின்றி வழங்கும் ஏற்பாட்டோடு அமைந்தது.

அணையாடையை நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை மாற்றுக. துணி பயன்படுத்துவோர் சோப்பிட்டு அலசி வெயிலிலேயே உலர்த்துக; மூலையில் மறைத்து ஈரமாக வைத்தால் கிருமி பெருகும். எங்கள் குருவிகுளம் பகுதியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. மறைத்து உலர்த்தும் பழக்கத்தைத்தான் விட வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் மகளின் சென்ற மூன்று விலக்கு நாள்களை நாட்காட்டியில் குறித்திருக்கிறீர்களா?
2. உங்கள் தாய்க்கோ மாமியாருக்கோ விலக்கு நின்ற பின் உதிரம் கண்டதுண்டா எனக் கேட்டீர்களா?
3. "போகப் போகச் சரியாகும்" என்று யாரிடமேனும் சொல்லியிருக்கிறீர்களா?

மூன்றாம் வினாவிற்கு ஆம் என்பது விடையாயின், நாளையே அப்பெண்ணை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். நான் அன்று அதனைச் செய்யவில்லை.