தொரையிடம் பேசப் போகுமுன்

பேச்சுவார்த்தை என்றால் தலைவர்மார் கொழும்பில் செய்கிற காரியம் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். பிரட்டுக்களத்திலும் தராசுப் பக்கத்திலும் ஆபீஸ் வாசலிலும் நாம் அன்றாடம் செய்வதும் அதுதான். அங்கே கெஞ்சினாலும் பலன் கொஞ்சம், சத்தம் போட்டாலும் பலன் கொஞ்சம். கணக்கோடு போகிறவர் பேச்சுக்கே மதிப்பு.

ஓர் உதாரணம் பார்ப்போம். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று தடவைக்கு 2 கிலோ கழிக்கிறார்கள். நாளைக்கு 3 தடவை நிறுத்தால் 6 கிலோ போய்விடும். 22 கிலோ பறித்த அக்காவின் கணக்கில் 16 கிலோதான் விழும். முழுப்பேருக்கு 18 கிலோ என்றால் அவருக்கு அரைப்பேர்தான். இதைப் பேசித் தீர்ப்பது எப்படி?

1. எழுதி வையுங்கள். இரண்டு கிழமைக்கு, பறித்தது எவ்வளவு, கழித்தது எவ்வளவு, அன்று மழையா வெயிலா என்று கொப்பியில் குறியுங்கள். "எப்பவும் வெட்டுறாங்க" என்று சொன்னால் தொரை மறுத்துவிடலாம். திகதியோடு உள்ள கணக்கை மறுப்பது லேசில்லை.

2. எதிர்ப்பக்கத்தின் தேவையையும் யோசியுங்கள். ஈரக் கொழுந்துக்கு நிறை கூடும் என்பது உண்மைதான். ஆகவே "கழிக்கவே கூடாது" என்று நிற்காமல், "வெறும் சாக்கை எங்க முன்னால நிறுங்க, அந்த நிறையை மட்டும் கழிங்க. வெயில் நாள்ல ஈரத்துக்குக் கழிக்காதீங்க" என்று கேளுங்கள். நியாயமான வழியைக் காட்டினால் அவர் இறங்கி வருவதும் சுலபம்.

3. கோரிக்கை ஒன்றாக இருக்கட்டும். ஒருவர் பேச, மற்றவர்கள் துணை நிற்கட்டும். கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவராவது கட்டாயம் போக வேண்டும். நட்டம் அவர்களுக்குத்தானே!

4. "முடியாது" என்றால் அடுத்து என்ன என்பதைப் போகுமுன்பே கமிட்டியில் முடிவு செய்யுங்கள். சங்கக் காரியாலயமா, தொழில் திணைக்களமா? போனவுடனேயே அதைச் சொல்லி மிரட்ட வேண்டாம்.

5. மொத்தத் தொகையில் மயங்காதீர்கள், பிரித்துப் பாருங்கள். 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாள் சம்பளம் 730 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படை 500 மட்டுமே. வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப் பங்கு 30. வரவும் கிலோவும் குறைந்தவர் கைக்கு 730 வரவில்லை. 2019 ஒப்பந்தத்தில் மொத்தம் 750. "இருபது ரூபாதான் கூடியிருக்கு" என்று பலர் மனம் கசந்தார்கள். எல்லா நிபந்தனையையும் நிறைவேற்றி வந்தவருக்கு அது சரியே. ஆனால் அடிப்படை 700 ஆனது; மீதி 50 விலைப் பங்கு. வரவுக்கும் உற்பத்திக்குமான கொடுப்பனவுகள் நீக்கப்பட்டன. ஆகவே எந்தத் தொகையைச் சொன்னாலும், "இதுல நிபந்தனை இல்லாதது எவ்வளவு?" என்று முதலில் கேளுங்கள்.

6. முடிவை எழுத்தில் வாங்குங்கள். தொரை மாறிப் போனால் வாய்ச்சொல்லும் அவரோடு போய்விடும். திகதியும் கையொப்பமும் உள்ள ஒரு தாள் கமிட்டிக் கோப்பில் இருக்கட்டும்.

ஒரே நாளில் எல்லாம் கிடைத்துவிடாது. ஆனாலும் நாளைக்கு 6 கிலோவைக் காப்பாற்றினால், அரைப்பேர் முழுப்பேராகும். இன்றைக்கே ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து வையுங்கள்.