தழையும் புடவையும் தடி சோல் செருப்பும்

"இந்தப் புடவைக்குப் போயும் போயும் இந்தச் செருப்பா?" வாசல்படி தாண்டும்போது இந்தக் கேள்வி காதில் விழாத பெண்கள் குறைவு. கேட்பவர் அம்மாவாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், பத்தாவது படிக்கும் மகளாகவும் இருக்கலாம். இரண்டு விரல் தடிமனில் சோல், அகலப் பட்டை, குதிகால் பதிய ஒரு குழி, பாத வளைவைத் தாங்க நடுவில் ஒரு மேடு. இப்படிப்பட்ட செருப்பு இப்போது ரங்கநாதன் தெரு நடைபாதையிலும் கிடைக்கிறது, ஏசி போட்ட மாலிலும் கிடைக்கிறது. வாங்குகிறோம். ஆனால் வாக்கிங்குக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் என்று ஒதுக்கிவிட்டு, ஆபீசுக்கும் விசேஷத்துக்கும் பழைய குச்சி ஹீல்ஸையே தேடுகிறோம். காரணம், அதைச் சுற்றி நாம் வளர்த்து வைத்திருக்கும் சில நம்பிக்கைகள். சில அப்பட்டமான தப்பு. சிலவற்றில் குறை இருப்பது உண்மைதான், ஆனால் பழி போய் விழுவது செருப்பின் மேல்.

"அது டாக்டர் செருப்பு, வயசானவங்க போடறது"

இந்தப் பேச்சுக்கு நம் ஊரிலேயே ஒரு பின்கதை உண்டு. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளின் பாதத்தில் ஆறாத புண் வருவதற்கு, நோய் சதையைத் தின்பது காரணம் இல்லை, வலி தெரியாத பாதத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுவதுதான் காரணம் என்று அவரும் அவர் குழுவும் எடுத்துக் காட்டினார்கள். அந்த அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பிவிடத்தான் நுண்துளை ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு வந்தது. உள்ளே மெத்தென்ற ரப்பர், அடியில் தேயாமல் உழைக்க டயர் ரப்பர். வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் நடந்த இந்த வேலை பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்பட்டது. இன்றைக்கும் குதிகால் வலி என்று போனால் "எம்.சி.ஆர். போடுங்க" என்கிறார்கள்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. தொழுநோய்த் திட்டத்தில் கொடுத்த கறுப்புச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தாலே ஊர் அடையாளம் கண்டுகொண்டது. அதற்குப் பயந்தே பலர் அதைப் போடாமல் விட்டார்கள். காலுக்கு இதமான செருப்பு என்றால் ஏதோ நோவு என்று பார்க்கும் பார்வை அங்கிருந்தும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

வெளியே கதை வேறு மாதிரிப் போனது. முசோலினி காலத்து இத்தாலியில் எஃகுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, செருப்புக் கலைஞர் சல்வதோரே ஃபெரகாமோ கார்க்கை அடுக்கித் தடி சோல் செய்தார். 1938-இல் நடிகை ஜூடி கார்லண்டுக்காக அவர் செய்த வானவில் நிறச் செருப்பை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பிர்கன்ஸ்டாக் நிறுவனம் 1963-இல் ஒற்றைப் பட்டைச் செருப்பையும், 1973-இல் இரண்டு பக்கிள் வைத்த 'அரிசோனா'வையும் கொண்டுவந்தது. அமெரிக்காவில் செருப்புக் கடைக்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்காததால், ஆரோக்கிய உணவுக் கடைகளில் வைத்து விற்றார்கள். அதே செருப்பைப் போட்டுக்கொண்டு 1990-இல் மாடல் கேட் மாஸ் ஒரு பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டார். 2012-இல் செலின் நிறுவனம் பாரிஸ் ஃபேஷன் மேடையில் அதே சாயலில் உரோமம் வைத்த செருப்பை இறக்கியது. 2023-இல் 'பார்பி' படத்தின் கதாநாயகிக்கு முன்னால் ஹீல்ஸா இதுவா என்று நீட்டப்பட்டதும் பிர்கன்ஸ்டாக்தான். அந்த வருடமே அந்த நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறியது. மருந்துக்கடைச் சரக்கு என்று ஒதுக்கியவர்களே வரிசையில் நின்று வாங்கினார்கள்.

வயதைப் பொறுத்தவரை, இந்தச் செருப்பு முதலில் தேவைப்படுவது ஜவுளிக்கடைத் தளத்தில் நாள் முழுக்க நின்று புடவையைப் பிரித்துப் போடும் இருபது வயதுப் பெண்ணுக்குத்தான். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-இல்.

"புடவைக்கு எடுப்பா இருக்காது"

அதிகம் கேட்கும் நம்பிக்கை இது. கண்ணாடியில் பார்த்தால் உண்மை மாதிரியே தெரியும். ஆனால் கோளாறு செருப்பில் இல்லை, வரிசையில்தான். நாம் வெறுங்காலோடு புடவை கட்டுகிறோம். கொசுவம் செருகி, பின் குத்தி, கரை தரையைத் தொடுகிறதா என்று பார்த்து எல்லாம் முடிந்தபின் வாசலில் வந்து செருப்பை மாட்டுகிறோம். ஒன்றரை அங்குலம், இரண்டு அங்குலம் சோல் என்றால் கரையும் அந்த அளவுக்கு மேலே ஏறிவிடும். கணுக்கால் தெரிகிறது, பட்டை தெரிகிறது, சோல் முழுசாகத் தெரிகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு, புடவை ஏறிப்போய் அடியில் இரண்டு செங்கல் நிற்கிற மாதிரி இருக்கிறது. பழி செருப்புக்கு.

செருப்பை முதலில் போட்டுக்கொண்டு, அதன் மேல் நின்று உள்பாவாடை நாடாவை முடியுங்கள். அப்புறம் புடவை. முன்பக்கம் கரை பாதத்தின் மேல் பட்டும் படாமலும் கிடக்க வேண்டும். பின்பக்கம் தரைக்கு அரை அங்குலம் மேலே நிற்க வேண்டும். இப்படிக் கட்டினால் நிற்கும்போது தெரிவது விரல்நுனியும் பட்டையின் ஓரமும்தான். நடக்கும்போது கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அது அழகுதான். வீட்டுக்குள் செருப்பு போட மாட்டோம் என்பவர்கள் அடியைத் துடைத்துவிட்டு ஒரு பழைய பாயின் மேல் நின்று கட்டலாம். உயரமானவர்களுக்கு இன்னொரு சிக்கல் வரும். சில கைத்தறிப் புடவைகளுக்கு அகலம் கம்மி, தடி சோலுக்குப் போதாது. வாங்கும்போதே தோளிலிருந்து இல்லாமல், இடுப்பிலிருந்து கீழே பிடித்துப் பாருங்கள்.

எந்தப் புடவைக்கு எது என்றால், கண்டாங்கி, சுங்குடி, லினன் மாதிரிக் கொஞ்சம் விறைப்பாக நிற்கும் துணிக்குத் தடி சோல் இயல்பாகவே ஒத்துப்போகும், துணிக்கும் ஒரு திடம் இருப்பதால். காற்றில் பறக்கும் ஜார்ஜெட், ஷிஃபானுக்குத்தான் யோசிக்க வேண்டும். அங்கே இரண்டு மெல்லிய பட்டை வைத்த மாடல் பரவாயில்லை. பட்டுக்குப் போடக்கூடாது என்பார்கள். காஞ்சிப் பட்டின் ஜரிகைக் கரை கனத்தில் நேராகத் தொங்கிப் பாதத்தை மூடிவிடும். அதற்கு அடியில் எது இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கோயில் வாசலிலும் மணமேடைக்குக் கீழேயும் எப்படியும் கழற்றத்தான் போகிறோம். அதனால் விசேஷத்துக்குப் பார்க்க வேண்டியது, குனியாமல் நுழைத்துக் கழற்ற முடிகிறதா என்பதை.

நிஜமாகவே பயப்பட வேண்டியது வெல்க்ரோ பட்டைக்கு. முரட்டுப் பக்கத்தின் முனை ஒரு நெல்மணி அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தால் போதும், ஒவ்வொரு அடிக்கும் உள்கொசுவத்தின் இழையைப் பிடித்து இழுக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் கரைக்குச் சற்று மேலே நூல் நூலாகச் சுருண்டு நிற்கும். ஃபால்ஸ் இருக்கும் இடம் தப்பிக்கும், மற்ற இடம் போச்சு. பட்டுக்கும் மெல்லிய பருத்திக்கும் பக்கிள் வைத்ததோ, சும்மா நுழைத்துக்கொள்வதோதான் சரி.

"குள்ளமா இருக்கறவங்க போட்டா இன்னும் குள்ளமா தெரிவாங்க"

தடி சோல் உயரத்தைக் கூட்டும், குறைக்காது. ஹீல்ஸைப் போலக் குதிகாலை மட்டும் தூக்கி எடையை முன்பாதத்தில் தள்ளாமல், பாதம் முழுவதையும் ஒருசேரத் தூக்குவதால் உடம்புக்கும் தொல்லை குறைவு. குள்ளமாகக் காட்டுவது வேறொன்று. கணுக்காலைச் சுற்றி ஓடும் அகலக் கறுப்புப் பட்டை, அதுவும் வெளிர் நிற லெக்கிங்ஸ் மேல். அந்த இடத்தில் காலை வெட்டின மாதிரிக் கண் நின்றுவிடும். கணுக்கால் பட்டை இல்லாததை எடுங்கள், இல்லையென்றால் லெக்கிங்ஸின் நிறத்துக்குப் பக்கத்தில் வரும் நிறத்தை எடுங்கள். கறுப்பு எல்லாத்துக்கும் ஒத்துப்போகும் என்று ஒன்றே ஒன்று வாங்கி வைப்பதைவிட, நம் தோல் நிறத்துக்கு நெருங்கிய காவி, பழுப்பு, தேன் நிறம் ஒன்று இருந்தால் பருத்தி குர்தியில் பாதிக்கும் மேல் அதிலேயே ஓடிவிடும்.

சுடிதாரில் கணுக்காலில் திரளும் சுருக்கமும் தடிச் செருப்பும் சேர்ந்தால் கீழ்ப்பக்கம் கனத்துப்போகும். அதைவிட நேரான பேன்ட் நன்றாக இருக்கும், கணுக்காலுக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு நின்றால். பலாசோ என்றால் சோலின் பாதி உயரம் வரை இறங்க வேண்டும், இல்லையென்றால் வளர்ந்த பிள்ளைக்குப் போன வருட உடுப்பைப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஜீன்ஸுக்கு ஒரு மடிப்பு மடித்துவிட்டால் வேலை முடிந்தது.

"மெத்துமெத்துன்னு இருந்தா காலுக்கு நல்லது"

கடையில் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்கும் பழக்கம் இதிலிருந்து வருகிறது. அமுக்கினால் பள்ளமாகி மெதுவாக எழும் நுரை, கடை கார்ப்பெட்டில் நான்கு அடி நடக்கும்போது சொர்க்கம். ஒரு நாள் முழுக்க நின்றால் அது நசுங்கித் தட்டையாகி, பாதம் இரண்டு பக்கமும் சரியத் தொடங்கும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் சுள்ளென்று குத்தும் வலி உள்ளவர்களுக்கு வேண்டியது மேலே கொஞ்சம் மென்மை, அடியில் உறுதி, வளைவுக்குத் தாங்கல். செருப்பை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நட்டநடுவில் மடங்கினால் வேண்டாம். துணி பிழிவது போல முறுக்குங்கள், சுலபமாக முறுகினாலும் வேண்டாம். மாலையில் போய் வாங்குவது உத்தமம், பாதம் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும்.

"போட்டுப் போட்டுப் பழகினா கடிக்காது" என்பது தோலுக்கு ஓரளவு உண்மை. கார்க் தளமும் நாளடைவில் பாதத்துக்குப் படியும். ரெக்சின் பட்டை படியவே படியாது, முதல் நாள் கடித்தது கடைசி வரை கடிக்கும்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விரலிடுக்கில் வார் போகாத, பின்பட்டை வைத்த செருப்பாகப் பாருங்கள். தடி சோல் இருக்கிறதே என்று தினமும் பாதத்தைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

"சோல் தடியா இருந்தா மழையில வழுக்காது"

தடிமனுக்கும் பிடிமானத்துக்கும் சம்பந்தமே இல்லை. அடியில் உள்ள வரிப்பள்ளம்தான் பிடிக்கும். அது தேய்ந்துவிட்டால் ஈரமான மொசைக் தரையில் தடியும் வழுக்கும், மெலிசும் வழுக்கும். தடியில் விழுந்தால் கணுக்கால் கூடுதலாக மடங்கும்.

"பெட்டியில பத்திரமா வச்சா வருஷக்கணக்கா வரும்"

நல்ல செருப்பாயிற்றே என்று விசேஷத்துக்கு மட்டும் எடுத்து, மறுபடி பாலிதீனில் சுற்றிப் பரணில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. இந்தச் செருப்புகளில் பெரும்பாலும் இருப்பது இரண்டு வகை சோல். ஒன்று ஈ.வி.ஏ., கையில் எடுத்தால் பஞ்சு மாதிரிக் கனமே இருக்காது. இன்னொன்று பி.யூ. எனப்படும் பாலியூரித்தேன், கொஞ்சம் கனம், உழைப்பு அதிகம். பி.யூ.வில், குறிப்பாகப் பாலியெஸ்டர் வகையில், காற்றிலுள்ள ஈரம் புகுந்து அதன் பிணைப்புகளைச் சிறுகச் சிறுக அறுக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் நடக்கும் வேலை இது. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்ப் புழுக்கத்தில் வேகமாக நடக்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டால், மண்டப வாசலில் ஏறும்போதே சோல் பிட்டுப் பிட்டாக உதிரும். மேல்பட்டை புத்தம்புதுசாக மின்னும், அடி மட்டும் ரொட்டித் தூளாகக் கிடக்கும்.

ஈ.வி.ஏ.வுக்கு எதிரி வெயில். கழுவி மொட்டை மாடிச் சித்திரை வெயிலில் காயப் போட்டாலோ, வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டாலோ சுருங்கிவிடும். ஏழாம் நம்பர் ஆறாகும். நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

ஆகவே பி.யூ. சோலை வாங்கினால் போட்டுத் தேயுங்கள், மிச்சம் பிடிக்காதீர்கள். ஆடித் தள்ளுபடியில் பாதி விலைக்கு வருகிறதே என்று கை நீளும்போது பெட்டியின் பக்கவாட்டில் தயாரிப்பு மாதமும் வருடமும் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முந்திய சரக்கு என்றால், கடைக்காரர் எவ்வளவு இறங்கி வந்தாலும் அது அவரிடமே இருக்கட்டும்.