மெமரி கிளாஸுக்குப் பணம் கட்டும் முன்

கோடை விடுமுறை வந்துவிட்டால் கல்யாண மண்டபங்களில் ஞாபகசக்தி முகாம்கள் களைகட்டும். பயிற்றுநர் மேடையேறி, ஆளுக்கொரு பொருளைச் சொல்லச் சொல்வார். குடை, தக்காளி, யானை, ஸ்டேப்ளர் என்று இருபது சேர்ந்ததும் முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னுமாக ஒப்பிப்பார். கைதட்டல் அடங்குவதற்குள் வாசல் மேஜையில் பெற்றோர் வரிசை கட்டியிருப்பார்கள். "எதிர்வீட்டுப் பையனும் சேர்ந்துட்டானாம்" என்பதற்கு மேல் பலருக்குக் காரணம் தேவைப்படுவதில்லை. பிள்ளைக்கு நீட் தேர்வு. உயிரியலில் மட்டும் 90 கேள்விகள். புத்தகம் மண்டையில் ஏறினால் போதும் என்பது அவர்கள் கவலை.

படித்ததை நினைவில் நிறுத்தும் வழிகள் புதியவை அல்ல. திரும்பத் திரும்ப வாசிப்பது, கோடு போடுவது, குறிப்பெடுப்பது, நாள் விட்டுத் திருப்புவது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்திப் பார்ப்பது எல்லாம் மாணவர்களுக்குத் தெரியும். அமெரிக்க உளவியலாளர் ஜான் டன்லாஸ்கியும் சகாக்களும் 2013-இல் பத்து முறைகளை எடைபோட்டார்கள். மறுவாசிப்பும் ஹைலைட்டரும் கடைசித் தட்டுக்குப் போயின. மெமரி கிளாஸ்களின் மூலதனமான மனச்சித்திர உத்திகளுக்கும் அதே தட்டுதான் கிடைத்தது. முதல் தட்டில் இரண்டே இரண்டு: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது.

மேடை வித்தை பொய்யல்ல. பழகிய வீட்டின் வாசல், திண்ணை, ஊஞ்சல் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு பொருளை விசித்திரமாகக் கற்பனை செய்து வைத்தால், பட்டியல் வரிசை மாறாமல் திரும்ப வரும். சிக்கல் என்னவென்றால், பாடம் பட்டியல் அல்ல. சிறுநீரகப் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம். பௌமானின் கிண்ணம், அண்மைச் சுருள் நுண்குழல், ஹென்லே வளைவு, சேய்மைச் சுருள் நுண்குழல் என்ற வரிசையைத் திண்ணையிலும் ஊஞ்சலிலும் தாராளமாக உட்கார வைக்கலாம். ஹென்லே வளைவின் இறங்கு பகுதி நீரை வெளியே விடுகிறது, ஏறு பகுதி விடுவதில்லை. அதனால் சிறுநீர் எப்படி அடர்த்தியாகிறது? இந்த 'அதனால்' உட்கார எந்த ஊஞ்சலும் இல்லை. கேள்வித்தாள் குறிவைப்பதோ பெரும்பாலும் அந்த 'அதனால்' மீதுதான்.

ஒன்றில் பழகிய நினைவாற்றல் மற்றொன்றுக்குத் தாவுவதும் அரிது. கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் சுமார் இருபது மாதப் பயிற்சியில், ஒருமுறை கேட்ட 79 இலக்கங்களை அப்படியே திருப்பிச் சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர். இலக்கங்களை ஓட்ட நேரங்களாக மாற்றி வைத்துக்கொண்டார். எழுத்துகளைக் கொடுத்தபோது பழையபடி ஆறோடு நின்றுவிட்டார். 1980-இல் வெளியான ஆய்வு இது. 2006-இல் அமெரிக்க நினைவாற்றல் போட்டியில் வென்ற ஜோஷுவா ஃபோயர் கதை இன்னும் வேடிக்கை. காரில் விருந்துக்குப் போனவர், காரை மறந்துவிட்டு ரயிலில் வீடு திரும்பியதை அவரே எழுதியிருக்கிறார்.

நம் ஊரில் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைக் காட்டிக் கடை விரிப்பவர்களும் உண்டு. 1907-இல் சென்னை விக்டோரியா அரங்கில் அவர் நிகழ்த்திய, ஒரே சமயத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் சதாவதானத்துக்கு அடியில் ஆண்டுக்கணக்கான இலக்கண, இலக்கியப் பயிற்சி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முகாமில் அது கிடைக்காது.

இதை எழுதுபவருக்கும் ஒரு பட்சபாதம் உண்டு. அது வெள்ளைத்தாள் மீது. ஒரு பகுதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் நின்றதைத் தாளில் எழுதி, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்ப்பது. காசு செலவில்லை. அதனாலேயே மதிப்பும் இல்லை! உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குழு ஒரே பகுதியைச் சராசரியாக 14 தடவை வாசித்தது. இன்னொரு குழு மூன்று தடவைக்குச் சற்று மேல் வாசித்து, மீதி நேரத்தில் பார்க்காமல் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், எழுதியவர்களுக்கு 61.

அந்த ஒரு வாரம் பொறுக்கத்தான் ஆள் இல்லை. வெள்ளைத்தாள் முதல் சில நாட்கள் மாணவரை அவமானப்படுத்தும், பாதிகூட வராது. ஹைலைட்டர் அப்படியல்ல, எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு சுகம் தரும். சிலருக்கு எழுத வராது. தம்பியை உட்கார வைத்துப் பாடம் நடத்தினால் வரும். வேறு சிலருக்கு, தெரியாத கேள்வி அட்டைகளை அடிக்கடியும் தெரிந்தவற்றை நாள் விட்டும் திருப்பும் லைட்னரின் பெட்டி முறையோ, அதே வழியில் இயங்கும் ஆங்கி செயலியோ ஒத்துவரும். பிள்ளைக்கு எது படிகிறது என்று ஓரிரு மாதம் பார்க்கலாம். பக்கத்து வீட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு முகாமில் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், பெற்றோர் ஒன்று செய்யலாம். பிள்ளையின் பாடப்புத்தகத்திலிருந்து இரண்டு பக்கத்தைக் கொடுத்து, அதை அங்கே படித்த மாணவர் ஒருவரிடம் ஒரு வாரம் கழித்துக் காரணத்தோடு விளக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒப்புக்கொள்கிற இடத்தில் பணம் கட்டுங்கள்.